பெருந்தமனி வால்வு சுருங்குவதை மாத்திரையால் தாமதப்படுத்த முடியுமா?

கேள்வி

என் தந்தைக்கு வயது 71. எக்கோ பரிசோதனையில் பெருந்தமனி வால்வு நடுத்தர அளவில் சுருங்கியிருப்பதாகத் தெரியவந்துள்ளது. இரத்தம் பாயும் உச்ச வேகம் வினாடிக்கு 3.2 மீட்டர். இரத்தக் குழாயில் கொழுப்பு படிவதைப் போன்றதே இதுவும் என்று உறவினர் ஒருவர் கூறுகிறார். அப்படியானால், அப்பா ஏற்கெனவே உட்கொள்ளும் கொலஸ்ட்ரால் மாத்திரையின் அளவைக் கூட்டினால் பயன் இருக்குமா? முறையாகச் சோதித்திருக்கிறார்களா?

பதில் 1

சோதித்திருக்கிறார்கள், ஒருமுறை அல்ல. ஸ்காட்லாந்தில் நடந்து 2005இல் வெளியான சால்டயர் ஆய்வில், 155 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு ஸ்டாட்டின் வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின் 80 மி.கி., மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை எனக் கொடுத்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். கெட்ட கொழுப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வால்வு சுருங்கும் வேகமோ குறையவில்லை. 2008இல் வெளியான சீஸ் (SEAS) என்ற ஆய்வில் 1,873 பேருக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினும் எசெட்டிமைபும், அல்லது போலி மாத்திரையும் தரப்பட்டன. அதிலும் வால்வுக்கு நன்மை இல்லை. ஆனால் மருந்து உட்கொண்டவர்களில் பைபாஸ் தேவைப்பட்டவர்கள் குறைவு. எனவே வால்வுக்குப் பயனில்லை என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா. ஆனால் ஸ்டாட்டினால் சுருக்கம் மெதுவாகிறது என்று சொல்லும் பழைய ஆய்வுகளையும் படித்தேனே?

பதில் 2

அவற்றில் பெரும்பாலானவை, ஏற்கெனவே ஸ்டாட்டின் உட்கொண்டவர்களையும் உட்கொள்ளாதவர்களையும் பின்னோக்கி ஒப்பிட்டவை. அந்த இரு கூட்டமும் தொடக்கத்திலிருந்தே வெவ்வேறானவை என்பதால், தெரிந்த வேறுபாடு மருந்தினால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. குலுக்கல் முறை தேவைப்படுவது இதனால்தான்.

குலுக்கல் ஆய்வுகளில் ஸ்டாட்டின் ஏன் பலன் தரவில்லை என்பதற்குப் பலர் ஒரு காரணத்தை முன்வைக்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. கொழுப்பின் பங்கு நோயின் தொடக்கத்தில் பெரிது. கால்சியம் படியத் தொடங்கிய பின், வால்வின் செல்கள் எலும்புச் செல்களைப் போல மாறி, படிவு தானாகவே வளர்கிறது. அந்த ஊகத்தில் எலும்புத் தேய்மான மருந்துகளான டெனோசுமாப், அலென்ட்ரோனேட் ஆகியவற்றையும் 150 பேரிடம் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். அவையும் பலன் தரவில்லை. இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் துகள்களில் ஒன்றான லிப்போபுரோட்டீன் ஏ மிகுந்தவர்களுக்கு இந்நோய் அதிகம் வருவதால், அதைக் குறைக்கும் மருந்துகள் மீது இப்போது கவனம் திரும்பியுள்ளது.

பதில் 1

இப்போதைக்கு அளவைக் கூட்டுவதைவிட, இதய மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எக்கோ எடுப்பதே முக்கியம். இரத்தம் பாயும் உச்ச வேகம் வினாடிக்கு 4 மீட்டரை எட்டினால் கடுமையான சுருக்கம் என்பார்கள். அதற்கு முன்பே நடக்கையில் மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, மயக்கம் ஏதேனும் வந்தால் அடுத்த எக்கோ வரை காத்திராமல் உடனே காட்டுங்கள்.