காஸ் பொயிலர் வேலையில இருந்து ஹீற் பம்ப்புக்கு மாறுறது எப்பிடி? (யூகே)

ஹரோ_பிளம்பர்:
வணக்கம். 9 வருசமா லண்டனில பொயிலர் பூட்டுறதும் திருத்துறதும்தான் வேலை, காஸ் வேலை செய்யிறதுக்கான காஸ் சேஃப் பதிவும் இருக்கு. 2023 ஒக்ரோபரில ஹீற் பம்ப்புக்கு (வெளிக்காத்தில இருந்து சூட்டை எடுத்து வீட்டைச் சூடாக்கிற கரண்ட் மெசின்) அரசாங்கம் குடுக்கிற கிராண்ட் 7,500 பவுண் ஆனதில இருந்து, அதைப் போடுவீங்களோ எண்டு கேக்கிற ஆக்கள் கூடிட்டினம், இல்லை எண்டு சொல்லிச் சொல்லி மனம் விட்டுப்போச்சு. சில நாள் கோர்ஸ் ஒண்டு செய்தாக் காணுமோ? ரெண்டு பிள்ளையள், வேலையை விட்டிட்டுப் படிக்க ஏலாது.

ஈஸ்ற்ஹாம்_அண்ணை:
தம்பி, லெவல் 3 ஹீற் பம்ப் கோர்ஸுக்குப் போம், உம்மட பிளம்பிங் சேர்டிபிக்கற்றோட உள்ள எடுப்பினம். சுடுதண்ணிச் சிலிண்டர் பூட்டுறதுக்கான ஜி3 சேர்டிபிக்கற் இல்லையெண்டா அதையும் முதல்ல எடும். ஆனா பைப் வேலை உமக்குத் தெரிஞ்சதுதான், புதுசா படிக்க வேண்டியது கணக்கு. ஒவ்வொரு அறையா அளந்து, சுவர் என்ன, யன்னல் என்ன, வெளியில மைனஸ் 2 எண்டா இந்த அறையால எவ்வளவு சூடு போகும் எண்டு பார்க்கவேணும். பொயிலர் 70 பாகையில தண்ணி அனுப்பும், பம்ப் 45, 50 தான், அப்ப சுவரில இருக்கிற அதே ரேடியேற்றர் ஏறக்குறைய பாதிச் சூடுதான் தரும்.

என்ர மூண்டாவது வேலையில பின் அறை ரேடியேற்றரை மாத்தாம விட்டிட்டன், பார்க்க பெருசாத்தான் இருந்தது. ஜனவரியில அந்த வீட்டுக்கார அம்மா போன் எடுத்து, தம்பி பேரன் ஜக்கெற்றோட படுக்கிறான் எண்டா. போய்ப் பார்த்தா 16 பாகை. நிலத்துப் பலகையைக் கிளப்பினா கீழ 8 மில்லிமீற்றர் சின்னப் பைப், அதுக்குள்ளால தேவையான தண்ணி எங்க ஓடுறது? என்ர காசில பைப்பும் ரேடியேற்றரும் மாத்திக் குடுத்தன். இப்ப பலகையைக் கிளப்பிப் பார்க்காம விலை சொல்லுறதே இல்லை.

ஸ்லவ்_கோவைக்காரன்:
நான் ஊர்ல ஏசி மெக்கானிக்கா இருந்தவன், அதனால ஒண்ணு சொல்றேன். மோனோபிளாக்னு சொல்ற ஒரே பெட்டி மெஷின்ல, ஏசில இருக்கற மாதிரி கூலிங் கேஸ் எல்லாம் வெளிய இருக்கற பெட்டிக்குள்ளயே சீல் ஆகி வந்துடும், வீட்டுக்குள்ள தண்ணி பைப் மட்டும்தான், அதை மாட்ட எஃப்-கேஸ் லைசென்ஸ் (அந்த கூலிங் கேஸைக் கையாளுற லைசென்ஸ்) வேண்டாங்க. வெளிப் பெட்டிக்கும் வீட்டுக்குள்ளயும் நடுவுல கேஸ் பைப் ஓடுற ஸ்பிளிட் டைப்ல எஃப்-கேஸ் நிரப்பியிருந்தா கட்டாயம் வேணும். இப்ப நிறைய மாடல்ல இருக்கற கேஸ் ஆர்290, அதாவது தீப்பிடிக்கற புரொப்பேன், காத்தை விட கனம், லீக் ஆனா தரையோட போய் பள்ளத்துல தேங்கும், அதனால ஜன்னல், ட்ரெயின் மூடி பக்கத்துல வைக்கவே கூடாது.

ஹரோ_பிளம்பர்:
ரெண்டு பேருக்கும் நன்றி. கோர்ஸ் முடிச்ச உடன நானே கஸ்டமருக்குக் கிராண்ட் எடுத்துக் குடுக்கலாமோ அண்ணை?

ஈஸ்ற்ஹாம்_அண்ணை:
இல்லை, அதுக்கு எம்சிஎஸ் பதிவு (ஹீற் பம்ப் மாதிரி மெசின் பூட்டுற கொம்பனியளுக்கான தரச் சான்று) வேணும், பேப்பர் வேலை கொஞ்சம் கூட. முதல் வருசம் அம்பிரெல்லா கொம்பனி, அதாவது அந்தப் பதிவு இருக்கிற வேற கொம்பனி ஒண்டுக்குக் கீழ செய்யலாம், டிசைனை அவை செக் பண்ணுவினம், அதில நீரும் படிக்கலாம். அதுக்கு முதல் உம்மட சொந்த வீட்டை அறை அறையா அளந்து கணக்குப் போட்டு இஞ்ச போடும், நான் பார்த்துச் சொல்லுறன். சனிக்கிழமை வேலைக்கு வர விருப்பமெண்டா உள்பெட்டியில எழுதும், இந்த மாசம் ரெண்டு வீடு இருக்கு.