ஸ்பிட்ஃபயர் 1500: ஓவர்டிரைவ் யூனிட் முழுசாக உட்கார மறுக்கிறது, உதவுங்கள்

வணக்கம். நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். என் கார் 1978 ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500. வயதாகித் தேய்ந்த ஓவர்டிரைவை (கியர்பாக்ஸின் பின்னால் பொருத்தும், எஞ்சின் வேகத்தைக் குறைக்கும் கூடுதல் கியர் யூனிட்) எடுத்துவிட்டு வேறொரு ஜே-டைப் யூனிட்டை வீட்டிலேயே மாட்டுகிறேன். சீட்டுகளையும் டனல் கவரையும் (கியர்பாக்ஸை மூடும் நடு மேடு) கழற்றி, கியர்பாக்ஸைக் காருக்குள்ளிருந்தே தூக்கியாயிற்று. அதுவரை சரி.

இப்போது யூனிட்டை மெயின்ஷாஃப்டில் (கியர்பாக்ஸிலிருந்து பின்னால் நீளும் தண்டு) ஏற்றினால், இரண்டையும் இணைக்கும் அடாப்டர் தட்டைத் தொட ஒரு விரல் அகலம் இருக்கும்போதே நின்றுவிடுகிறது. யூனிட்டுக்குள் தண்டு நுழையும் பிளானட் கேரியர், ஒருவழி கிளட்ச் இரண்டின் பற்களையும் நீள ஸ்க்ரூடிரைவர் விட்டு நேராக்கினேன். எண்ணெய் பம்பை இயக்கும், தண்டிலுள்ள கேமின் (ஒரு பக்கம் புடைத்த வளையம்) மேடும் மேல்பக்கம்தான் இருக்கிறது. இணைப்பு நட்டுகளை முறுக்கி யூனிட்டை இழுக்க மனம் வரவில்லை. அலுமினிய உறை விரிசல் விட்டால் எல்லாம் போச்சு.

யூனிட்டை நிமிர்த்தி வைத்து, கியர்பாக்ஸை மேலிருந்து இறக்கினால் எளிதாகச் சேருமா? பம்ப் உருளை கேமில் இடிக்காமல் எப்படிச் சமாளித்தீர்கள்? கையால் செய்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.