கூட்டத்துக்கு வரும் பெண்கள் முடிவெடுப்பதிலும் பங்கேற்க என்ன வழி?

கேள்வி:
சமூக வளர்ச்சிப் பணியில் ஈடுபட்டுள்ள ஒரு தொண்டு நிறுவனத்தில் அண்மையில் களப்பணியாளராகச் சேர்ந்துள்ளேன். எங்கள் கூட்டங்களுக்குப் பெண்கள் திரளாக வருகிறார்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் இடுகிறார்கள். ஆனால் குடிநீர்க் குழாய் எங்கே அமைய வேண்டும், பொதுப் பணத்தை எதற்குச் செலவிட வேண்டும் என்ற பேச்சு எழுந்ததும் ஆண்களின் குரல் மட்டுமே கேட்கிறது. பெண்களின் பங்கேற்பை உண்மையாகவே வளர்ப்பதற்குத் தொண்டு நிறுவனங்கள் எவ்வழிகளைக் கையாண்டிருக்கின்றன?

பதில் 1:
பெண்கள் பேசாததற்குக் கூச்சமே காரணம் என்று கூறுவதை நான் ஏற்கவில்லை. தம் சொல்லால் எதுவும் மாறியதில்லை என்பதை அனுபவத்தில் உணர்ந்தவர்கள் பேச முன்வருவதில்லை. ஆகவே, சிறியதாயினும் முழுவதும் அவர்கள் பொறுப்பிலேயே இருக்கும் ஒரு பணியிலிருந்து தொடங்குங்கள். 1991இல் நைஜர் நாட்டில் கேர் என்னும் பன்னாட்டுத் தொண்டு நிறுவனம் தொடங்கிவைத்த சேமிப்புக் குழுக்களுக்கு வெளியிலிருந்து கடன் தரப்படவில்லை. பெண்களே சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்து, அதற்கான விதிகளையும் வகுத்துக்கொண்டார்கள். கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977இல் தொடங்கிய பசுமைப் பட்டை என்னும் மரம் நடும் இயக்கமோ, விறகுக்கும் நீருக்கும் நெடுந்தொலைவு நடந்த பெண்களின் தேவையையே அடித்தளமாகக் கொண்டது. அவர்கள் நட்டவற்றுள் பிழைத்துக்கொண்ட ஒவ்வொரு மரக்கன்றுக்கும் ஒரு சிறு தொகை வழங்கப்பட்டது. கன்று வளர்த்த அதே குழுக்கள் பின்னர் காடுகளின் அழிவையும் ஆட்சியின் குறைகளையும் வெளிப்படையாகக் கேள்வி கேட்டன.

பதில் 2:
கூட்ட நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்பதையும் பாருங்கள். சமையல் வேளையில் கூட்டம் வைத்து, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள எவரையும் ஏற்பாடு செய்யாவிட்டால், வருபவர்களின் மனம் வீட்டிலேயே இருக்கும். பொதுக் கூட்டத்துக்கு முன்பு பெண்கள் மட்டும் தனியே கூடி, தங்கள் கோரிக்கையையும் அதை எடுத்துரைக்கும் இருவரையும் தேர்ந்தெடுத்துவிட்டால், அங்கே எழுந்து பேசுபவர் தனித்து நிற்க மாட்டார்.

பதில் 3:
முதல் பதிலோடு உடன்படுகிறேன். ஆயினும் பணம் பெண்ணின் பெயரில் இருப்பதாலேயே அது அவர் கையில் இருப்பதாகக் கொள்ளக் கூடாது. வங்கதேசத்தில் 1990களில் நடந்த ஆய்வுகள், பெண்களுக்கு வழங்கிய கடனில் கணிசமான பகுதியைக் குடும்பத்து ஆண்களே பயன்படுத்தியதைக் காட்டின. எனவே கடன் எண்ணிக்கையை மட்டும் அறிக்கையில் காட்டி மனநிறைவடையும் நிறுவனங்கள் எனக்குக் கவலை அளிக்கின்றன. அகமதாபாத்தில் இளா பட் 1972இல் தொடங்கிய சேவா அமைப்பு வேறு பாதையில் சென்றது. நிலையான வேலையோ பாதுகாப்போ இல்லாத முறைசாராத் தொழில் செய்யும் பெண்களை முதலில் தொழிற்சங்கமாக இணைத்து, 1974இல் அவர்களுக்கென்றே ஒரு கூட்டுறவு வங்கியை அமைத்தது. கூலிக்காகவும் உரிமைக்காகவும் சேர்ந்து வாதாடிப் பழகியவர்களுக்குத் தங்கள் பணத்தைக் காத்துக்கொள்ளும் துணிவும் சேர்ந்தே வந்தது. உங்கள் நிறுவனம் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு: தீர்மானப் புத்தகத்தையும் கணக்கேட்டையும் களப்பணியாளர் எழுதுவதை நிறுத்தி, குழுவிலிருந்தே சிலரைப் பயிற்றுவித்து, அவர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள்.