கொலராடோ வில்வேட்டை: எந்த வேட்டைப் பிரிவுக்கு விண்ணப்பிப்பது?

குழுவிலுள்ள வேட்டை அன்பர்களுக்கு வணக்கம்.

டெக்சஸில் வசிக்கும் நான் செப்டம்பர்தோறும் கொலராடோ சென்று வில்லால் எல்க் மான் வேட்டையாடி வந்தேன். ஐ-25 நெடுஞ்சாலைக்கு மேற்கே வெளிமாநிலத்தவர் கடையிலேயே வாங்கிக்கொள்ள முடிந்த வில்வேட்டை உரிமம் 2025 முதல் குலுக்கல் முறைக்கு மாறிவிட்டதால், முந்தைய குலுக்கல்களில் உரிமம் கிடைக்காதவர்களுக்குச் சேரும் முன்னுரிமைப் புள்ளி ஒன்றுகூட இல்லாமல் தவிக்கிறேன். அது போதாதென்று, ஆண் மான்கள் உரக்கக் கூவும் செப்டம்பர் நடுவில், குழல்வாய் வழியே வெடிமருந்து திணித்துச் சுடும் பழைய பாணித் துப்பாக்கிக்காரர்களும் அதே காட்டில் இறங்கிவிடுகிறார்கள். சென்ற முறை முப்பது கஜத்தில் நின்ற மானின் ஒரு கொம்பில் விதிப்படி நான்கு முனைகள் இருக்கின்றனவா என்று நான் எண்ணி முடிப்பதற்குள், அது ஓடையைத் தாண்டி வேட்டைக்காக மாநிலம் வகுத்துள்ள பிரிவுகளில் என் உரிமம் செல்லாத அடுத்த பிரிவுக்குள் போய்விட்டது.

புள்ளியில்லாதவருக்கு ஏப்ரல் விண்ணப்பத்தில் கிடைக்கக்கூடிய பிரிவு எது, இரண்டாம் விருப்பமாக எதைக் குறிப்பது என்று அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.