ஃபுவாமுலாவுக்கு டைவிங் போக யோசிக்கிறம், போய் வந்தாக்கள் ஒருக்கா சொல்லுங்கோ

கீரிமலையான்:

வணக்கம் எல்லாருக்கும். கனடாவில இருக்கிற என்ர மச்சான் ஆகஸ்டில நல்லூர்த் திருவிழாவுக்கு வாறான், தேர் தீர்த்தம் முடிய ரெண்டு பேருமா மாலைதீவில ஃபுவாமுலாவுக்குப் போய் புலிச்சுறா பாக்கிற எண்டு கதைச்சு வச்சிருக்கிறம். வழமையா எல்லாரும் போற ரிசோட் பக்கம் இல்லை, இது தெற்குக் கடைசிப் பக்கமா பூமத்திய ரேகைக்கும் அங்கால தனிய கிடக்கிற தீவு, நெடுந்தீவில பத்தில ஒரு பங்குதான் வரும் எண்டு நினைக்கிறன். ரெண்டு பேரும் ஓப்பன் வாட்டர் எண்ட முதல்படி டைவிங் பயிற்சி முடிச்சிட்டம், நான் நிலாவெளியில, அவன் மெக்சிக்கோவில. ஆனா அதுக்குப் பிறகு பெரிசா டைவ் பண்ணேல்லை. என்ர கேள்வி என்னெண்டா, எங்கட லெவலுக்கு உந்த இடம் சரிவருமோ, ஆகஸ்ட் கடைசி நல்ல காலமோ, யாழ்ப்பாணத்தில இருந்து போறதுக்கு எத்தினை நாள் ஒதுக்க வேணும்? லீவு 7 நாள் எடுக்கலாம். வீடியோக்கள் கனக்கப் பாத்திட்டன், எல்லாத்திலயும் சுறாவைத்தான் காட்டுறாங்கள், எப்பிடிப் போறது எண்டு ஒருத்தரும் வடிவாச் சொல்லுறாங்கள் இல்லை.

சோளகம்:

தம்பி, நல்ல இடம் தெரிஞ்சிருக்கிறியள். நான் போயிருக்கிறன், அதால முதல்ல கடலைப் பற்றிச் சொல்லுறன், ரிக்கெற் கதை பிறகு.

மாலைதீவு எண்டா எல்லாரும் நினைக்கிறது அற்றோல் எண்ட வட்டமான பவளப்பாறை, அதுக்குள்ள குளம் மாதிரி அமைதியான தண்ணி எண்டு. ஃபுவாமுலாவில அது இல்லை. ஒரே தீவு, அதுதான் முழு அற்றோலும், சுத்தவர இந்து சமுத்திரம்தான். ஹாபரை விட்டு போட் வெளிக்கிட்ட உடனயே பெரிய கடல், பாறை நேரா ஆழத்துக்கு இறங்குது. திமிங்கலச் சுறா, கொம்பன் சுறா, ஆனைத் திருக்கை, நீட்டு வால் திரெஷர் சுறா எல்லாம் உந்தச் சின்னத் தீவடிக்கு வாறதுக்குக் காரணமே அதுதான். அதே காரணத்தால அலையும் நீரோட்டமும் நேர வந்து அடிக்கும், ஒதுங்க இடமில்லை.

புலிச்சுறா டைவ் ஆழம் குறைவு, 10 மீற்றர் மட்டில, ஹாபர் வாசலுக்குக் கிட்ட. மீன்பிடிக்காரர் சூரை வெட்டிப்போட்டு தலை குடல் எல்லாம் கன காலமா அங்கதான் எறிஞ்சவை, அதுக்குப் பழகித்தான் சுறாக்கள் அங்க நிக்குது. 2010இல மாலைதீவு முழுக்க சுறா பிடிக்கிறதைத் தடை செய்ததும் பெரிய உதவி. அதால ஆழம் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை என்னெண்டா நீங்கள் அங்க முதுகைப் பாறைப் பக்கம் வச்சு, நிமிந்து, கையைக் காலை வீசாமல் ஒரு இடத்தில நிக்க வேணும். சுறா கிட்ட வரேக்க கண்ணை எடுக்கக் கூடாது, மேல ஓடி வரவே கூடாது. மிதப்பு கைக்குள்ள இல்லாத ஆள், கொஞ்சம் பயந்த உடன மூச்சை இழுத்து பலூன் மாதிரி மேல போடுவார். அது அவருக்கும் ஆபத்து, பக்கத்தில நிக்கிறவைக்கும் ஆபத்து. நான் போன போட்டில ஒரு வெள்ளைக்காரப் பெடியனுக்கு அப்பிடி வந்தது, கைட் அவன்ர செட்டில பிடிச்சு இழுத்து வச்சிருந்தபடியால் தப்பினது.

மற்ற டைவுகள், உதாரணமா தெற்கு முனையில ஃபரிகெதே எண்ட இடம், அது 25, 30 மீற்றர் கதை. ஓப்பன் வாட்டர் சான்றிதழுக்கு 18 மீற்றர்தான். மாலைதீவுச் சட்டப்படி ஆருக்கும் 30க்குக் கீழ போகேலாது. அட்வான்ஸ்ட் எண்ட அடுத்த படிப் பயிற்சி இல்லாமல் போனா காசு குடுத்திட்டு பாதியைப் பாக்காமல் வருவியள்.

அதால நான் சொல்லுறது: ஆகஸ்ட் எண்டா திருகோணமலைக் கடல் நல்லா இருக்கிற காலம், மே தொடங்கி செப்டெம்பர் மட்டும் எங்கட கிழக்குக் கரை அடங்கிக் கிடக்கும். நல்லூர் முடிய மச்சானையும் கூட்டிக்கொண்டு திருகோணமலைக்குப் போய் அட்வான்ஸ்ட் செய்யுங்கோ, புறாமலையிலயும் கோணேசர் மலை அடியிலயும் இறங்குங்கோ. ஃபுவாமுலாவை சோளகக் காத்துக் காலம் முடிய, ஜனவரி தொடங்கி ஏப்ரல் மட்டும் உள்ள காலத்துக்குத் தள்ளி வையுங்கோ.

பாசையூர் அக்கா:

சோளகம் அண்ணை சொன்னதில பயிற்சிக் கதை நூறு வீதம் சரி, காலத்தைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் மாறிச் சொல்லுவன். புலிச்சுறா அங்க வருசம் முழுக்க நிக்குது, ஆகஸ்டில போனவையும் பாத்திட்டுத்தான் வந்தவை. போட் ஆட்டம் கூட, ஒரு சில நாள் இறங்கேலாமல் போகலாம், அவ்வளவுதான். ஜனவரி ஏப்ரலுக்கு நோன்பு எப்ப வருது எண்டு பாத்திட்டு புக் பண்ணுங்கோ. அது ஊர்ச்சனம் இருக்கிற முஸ்லிம் தீவு, நோன்பு காலத்தில பகலில சாப்பாட்டுக் கடை பூட்டு, வெள்ளிக்கிழமை தொழுகை நேரமும் எல்லாம் பூட்டு.

ஆனா நான் எழுத வந்தது வேற விசயம். தம்பி 7 நாள் எண்டு சொல்லுறார், அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. யாழ்ப்பாணத்தில இருந்து கட்டுநாயக்காவுக்கு ஒரு இரவு பஸ். கொழும்பு மாலே பிளேன் ஒண்டரை மணித்தியாலம், அது லேசு. மாலேயில இருந்து ஃபுவாமுலா உள்ளூர் பிளேன், கிட்டத்தட்ட 500 கிலோமீற்றர் தெற்க. சீற் இல்லையெண்டா அட்டு அற்றோலில கானுக்குப் பறந்து அங்கயிருந்து ஸ்பீட் போட். இதில ஒண்டு பிந்தினாலும் மற்றதெல்லாம் பிந்தும். போகவும் வரவும் சேத்து நாலு நாள் போச்செண்டு வையுங்கோ, மிச்சம் மூண்டு நாளில காத்தும் அடிச்சா என்ன செய்யிறது? ஆக்கள் அவசரத்தில கடைசி நாளும் ரெண்டு டைவ் அடிச்சிட்டு பின்னேரம் பிளேன் ஏறப் பாப்பினம். அதைச் செய்யவே செய்யாதேங்கோ. ஒரே ஒரு டைவ் எண்டா ஆகக் குறைஞ்சது 12 மணித்தியாலம், நாளுக்கு நாள் தொடர்ந்து இறங்கினா 18 மணித்தியாலம் கழிச்சுத்தான் பறக்க வேணும். உள்ளூர்ச் சின்ன பிளேனும் அந்தக் கணக்குத்தான்.

ஏன் இவ்வளவு சொல்லுறன் எண்டா எங்கட சித்தப்பா சிலிண்டர் கட்டி கடலட்டை பிடிக்கப் போனவர். ஆழத்தில நிண்டு, ஒரு நாளில திரும்பத் திரும்ப இறங்கி, கெதியா மேல வந்து, அப்பிடித்தான் ஒருநாள் போட்டிலயே இடுப்புக்குக் கீழ விறைச்சுப் போச்சு. இண்டைக்கும் வலது காலை இழுத்துத்தான் நடக்கிறார், செருப்பு அந்தப் பக்கம் மட்டும் முன்னுக்குத் தேஞ்சு கிடக்கும், மாசத்துக்கு ஒருக்கா மாத்த வேணும். ரத்தத்துக்குள்ள இருக்கிற நைதரசன் குமிழியா வாறதுதான் அது, சுறாவிலயும் பாக்க அதுக்குத்தான் நான் பயப்பிடுவன். டைவ் சென்டருக்கு இமெயில் போடேக்க, ஆருக்கும் அப்பிடி வந்தா அதுக்கு வைத்தியம் செய்யிற கிட்டடி அழுத்த அறை எங்க, எப்பிடிக் கொண்டு போவியள், படகில ஒக்சிசன் இருக்கோ எண்டு கேளுங்கோ. பதில் வடிவா வராட்டி வேற சென்டர் பாருங்கோ. சாதாரண ட்ராவல் இன்சூரன்ஸில கனக்கத்துக்கு டைவிங் சேராது, டான் (DAN) மாதிரி டைவிங்குக்கெண்டே இருக்கிற இன்சூரன்ஸ் எடுங்கோ. மச்சான் கனடா எண்டபடியால் அவருக்கு அங்கயே எடுக்கலாம்.

கீரிமலையான்:

அக்கா, அண்ணை, ரெண்டு பேருக்கும் சரியான நன்றி. சித்தப்பான்ர கதை வாசிச்சிட்டு மச்சானுக்கும் அனுப்பினனான். ஆகஸ்டில திருகோணமலை எண்டு முடிவெடுத்திட்டம், ஃபுவாமுலா அடுத்த வருசம், 10 நாள் லீவு கேக்கப் போறன். இன்னும் ரெண்டு கேள்வி. விசா, காசு விசயம் என்ன? மற்றது, வைஃபும் அம்மாவும் தாங்களும் வாறம் எண்டு நிக்கினம், அவைக்குத் தண்ணி ஒத்துவராது, அங்க அவைக்கு என்ன இருக்கு?

சோளகம்:

விசா பிரச்சினை இல்லை தம்பி, இறங்கின இடத்திலயே 30 நாள் காசில்லாமல் குத்தித் தருவினம். தங்கிற இடம் புக் பண்ணினதும் திரும்பி வாற ரிக்கெற்றும் காட்ட வேணும், ஐமூகா எண்ட ஒன்லைன் படிவம் பிளேன் ஏற முதல் 96 மணித்தியாலத்துக்குள்ள நிரப்ப வேணும். கெஸ்ட் ஹவுஸில சொல்லுற விலைக்கு மேல 17 வீத வரியும், ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 டொலர் கிரீன் ரக்ஸும் வரும், 2025இல தான் ரெண்டையும் கூட்டினவை, அதால விலை கேக்கேக்க எல்லாம் சேத்தோ எண்டு எழுத்தில கேளுங்கோ. உள்ளூர் பிளேனில பாரம் பாப்பினம். மாஸ்க்கும் டைவ் கொம்பியூட்டரும் மட்டும் சொந்தமாக் கொண்டு போங்கோ, மிச்சத்தை அங்க வாடகைக்கு எடுங்கோ. கறுப்புக் கையுறை அங்க தருவினமோ எண்டும் கேளுங்கோ, வெள்ளையாத் தெரியிற கை சுறாவின்ர கவனத்தை இழுக்கும்.

பாசையூர் அக்கா:

அம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கோ. அந்தத் தீவுக்குள்ள ரெண்டு நன்னீர்க் குளம் இருக்கு, பண்டார கிளியும் தடிமகி கிளியும். மாலைதீவில அது அருமை. சேம்பு நட்டுக் கிடக்கும், வாழை, மாமரம், எங்கட ஊர்த் தோட்டப் பக்கம் போல பச்சையா இருக்கும். வடக்குப் பக்கம் தூண்டு எண்ட கடற்கரை, மணல் இல்லாமல் வெள்ளைக் கூழாங்கல்லா, கையில எடுத்தா முட்டை மாதிரி வழுவழுப்பு. ஆனா அங்க அலை பொல்லாதது, அம்மாவைக் காலே நனைக்க விடாதேங்கோ. 2020இல யுனெஸ்கோ அந்தத் தீவை உயிர்க்கோளக் காப்பகமா அறிவிச்சது, அதால கல்லு, சிப்பி ஒண்டும் எடுத்து வரப் பாக்க வேண்டாம்.

சாப்பாடு அம்மாவுக்குப் பிடிக்கும், எங்கட சம்பலுக்குப் போடுற மாசிக் கருவாடு அங்கத்தைய சாமான்தானே. காலமைக்கு மஸ் ஹுனி எண்டு சூரையும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சை மிளகாயும் பிசைஞ்சு ரொட்டியோட தருவினம். மரக்கறி நாள் எண்டா முதலே சொல்லி வையுங்கோ, அங்க மரக்கறி எண்டு கேட்டாலும் மாசி போட்டிடுவினம். இன்னொண்டு, கும்பிடுற விக்கிரகம் கொண்டு போக விடமாட்டினம், அம்மா பாக்குக்குள்ள சின்னப் பிள்ளையார் வச்சிருப்பா, வீட்டிலயே வச்சிட்டு வரச் சொல்லுங்கோ, எயார்போட்டில பறிச்சா அவ தாங்கமாட்டா. உடுப்பும் ஊருக்குள்ள தோள், முழங்கால் மூடித்தான். திருகோணமலைக்கு எப்ப போறியள் எண்டு சொல்லுங்கோ, என்ர தங்கச்சியும் அட்வான்ஸ்ட் செய்ய நிக்கிறாள், சேந்து போனா வான் செலவைப் பிரிக்கலாம்.