காட்டு மறைவில் இயங்கிய விடுதலை இயக்க மருத்துவமனை: சொல் என்ன?

கலைச்சொல் குழுமத்தாருக்கு வணக்கம்.

மேற்கு ஆப்பிரிக்க நாடான கினி-பிசாவின் விடுதலைப் போர் பற்றிய கட்டுரையில் ‘கள மருத்துவமனை’ என்று ஆள்வது பொருந்தவில்லை. கள மருத்துவமனை செஞ்சிலுவையைத் தீட்டித் தன்னைக் காட்டிக்கொண்டு நிற்பது. 1963 முதல் 1974 வரை போர்த்துகீசியரை எதிர்த்துப் போரிட்ட அமில்கார் கப்ராலின் இயக்கம் காட்டுக்குள் நடத்தியவை ஓலைக் குடில்கள். விமானத்தின் கண்ணில் பட்டால் குண்டு விழும். மறைந்திருப்பதுதான் அங்கே எல்லாவற்றையும் தீர்மானித்தது. கருவிகளைக் கொதிக்க வைக்க 20 நிமிடமாவது அடுப்பு எரிய வேண்டும். பகலில் புகை காட்டிக்கொடுக்கும், இரவில் வெளிச்சம். ஓடையை ஒட்டிக் குடில் போட்டால், தண்ணீருக்கு நடந்து நடந்து விழும் தடமே வழிகாட்டிவிடும். இடம் தெரிந்துவிட்டால் நோயாளிகளோடு பெயர வேண்டும். ஆகவே தூக்கிச் செல்ல ஆளிருக்கும் அளவுக்குத்தான் படுத்த நோயாளிகளை வைத்துக்கொள்ளலாம்.

‘நடமாடும் மருத்துவமனை’ என்றால் வேன்தான் நினைவுக்கு வரும். ‘கரந்துறை மருத்துவமனை’ எனலாமா? கரந்து உறைவது, அதாவது மறைந்திருப்பது; ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு மறைந்திருப்பதைக் கரந்துறைப்பாட்டு என்னும் சொல்லாட்சி ஏற்கெனவே உண்டு.

———

ஐயா,

பொருள் சரி. ஆனால் இன்றைய வாசகர் அதைக் கரம் (வரி) + துறை என்று பிரித்து வரித்துறை என்றே படிப்பார். ‘மறைவிட மருத்துவமனை’யும் வேண்டாம், மருத்துவப் பேச்சில் மறைவிடத்துக்கு வேறு பொருள். எல்லோரும் அறிந்த ‘தலைமறைவு’ இருக்கிறதே?

அது இடத்துக்கு மட்டுமல்ல, ஆளுக்கும் பொருளுக்கும் பொருந்தும். அல்ஜீரிய விடுதலைப் போரின்போது பிரெஞ்சு நிர்வாகம் ஆன்டிபயாடிக், ஈதர், ஆல்கஹால், டெட்டனஸ் தடுப்பூசி ஆகியவை அல்ஜீரியர் கைக்குப் போகாமல் தடுத்ததை, அந்த விடுதலை இயக்கத்தில் சேர்ந்த மருத்துவரும் எழுத்தாளருமான ஃபனான் பதிவு செய்திருக்கிறார். மருந்தே ஒளிந்து ஒளிந்துதான் வந்தது. மருந்து குறைந்த இடத்தில் குண்டுக் காயத்தை உடனே தைத்து மூடுவதுதான் பெரும் பிழை: காற்றுப் புகாத உள்ளறையில் கிருமி பெருகித் தசை அழுகும். செத்த தசையை வெட்டி நீக்கி, லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கரைத்த, கொதித்து ஆறிய நீரால் கழுவி, திறந்தே கட்டி, காயம் சுத்தமாக இருந்தால் நாலைந்து நாள் கழித்துத்தான் தைக்க வேண்டும். அந்த நாலைந்து நாளும் ஆளை ஒளித்து வைக்க இடம் வேண்டும். இந்த நெருக்கடி முழுவதையும் ‘தலைமறைவு’ சொல்லிவிடுகிறது.

———

ஏற்கிறேன். ‘தலைமறைவு மருத்துவமனை’ என்றே பதிவோம். ஒரே ஒரு வரம்பு: எல்லைக்கு அப்பால், அண்டை நாடான கினிக் குடியரசின் போக்கே நகரில் கியூபா மருத்துவர்கள் பணியாற்றிய மருத்துவமனையை இதில் சேர்க்கக் கூடாது. அது ஒளிந்திருக்கவில்லை, காட்டுக் குடிலில் முடியாத அறுவை அங்கே போனது. அதற்குப் ‘பின்தள மருத்துவமனை’ என்று தனிப் பதிவு வேண்டும்.