பலாச்சக்கையில மொய்க்கிற பொடி ஈ: கிட்டப் போய்ப் பார்த்தவங்க எழுதுங்க

லாஸ்பேட்டை லென்ஸ்
சக்கைத் தொட்டியில பிடிச்ச கூட்டத்துல ஒண்ணு மட்டும் தனியாத் தெரிஞ்சுது. தலையிலிருந்து முதுகு வரைக்கும் வெள்ளிக் கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு பக்கமும் கறுப்புக் கரை. அது சாப்ரியோனஸ் இண்டியானஸ்ங்கிற இனம். மீதியெல்லாம் டிரோசோபிலாங்கிற பொடி ஈ வகை. ஆண் ஈன்னா வயித்து நுனி கறுப்புன்னு பாடத்துல படிச்சதை வச்சுப் பிரிக்காதீங்க. அது டிரோசோபிலாவுல மெலனோகாஸ்டர்ங்கிற இனத்துக்குச் சரி, அனனாசேங்கிற இனத்துக்கு ஆகாது. அதுல ஆணுக்கும் வயிறு வெளிர் மஞ்சள்தான். முன்காலைப் பாருங்க. ஆணுக்கு மட்டும் கறுப்புச் சீப்பு முள் இருக்கும்: மெலனோகாஸ்டருக்கு ஒரே வரிசை, அனனாசேவுக்குப் பல குறுக்கு வரிசை.

பண்ருட்டி தோப்பு
கொட்டையைத் திருகிட்டுப் போட்ட முந்திரிப்பழக் குவியல். ஒரு பழத்தைப் புரட்டினா, சாறுக்குள்ள வெள்ளைப் புழு தலைகீழாப் புதைஞ்சு கிடக்கு. கறுப்பு வாய்க்கொக்கி மேலும் கீழும் போகுது, பின்பக்க மூச்சுத்துளை மட்டும் வெளியில நீட்டிக்கிட்டு இருக்கு. ஈ தேடி வந்தது புளிப்புல வளர்ற ஈஸ்டை. பழம் உடைஞ்சதால ஈ வந்துது, ஈ வந்ததால பழம் கெடலை.

நெல்லிக்குப்பம் மாந்தோட்டம்
அண்ணே, அப்படி மொத்தமாச் சொல்லாதீங்க. மாங்காயை அறுத்ததும் உள்ளே இருந்த புழு வில்லா வளைஞ்சு தெறிச்சுது. அது டிரோசோபிலா இல்லை, பாக்ட்ரோசெரா டார்சாலிஸ்ங்கிற ஈயோட புழு. அந்த ஈ வீட்டு ஈ அளவு இருக்கும். முட்டையிடும் ஊசியால நல்ல காயோட தோலையே குத்தும். இதுக்கு வினிகர் பொறி வைக்கிறது வீண். எத்தில் ஆல்கஹால் 6 பங்கு, ஆண் ஈயை இழுக்கிற மெத்தில் யூஜினால் 4 பங்கு, மாலத்தியான் பூச்சிக்கொல்லி 1 பங்கு கலந்து, ப்ளைவுட் துண்டை இரண்டு நாள் ஊறவச்சுப் பொறியில தொங்கவிடுங்க. கையுறை கட்டாயம். இதுல ஆண் ஈ மட்டும்தான் விழும். ஏற்கெனவே இணைஞ்ச பெண் குத்திக்கிட்டேதான் இருக்கும். அதனால உதிர்ந்த பழத்தை அன்னன்னைக்கே பொறுக்கணும். விட்டா புழு மண்ணுக்குள்ள இறங்கிக் கூட்டுப்புழுவாயிடும். பாகல், பீர்க்கனுக்கு மெத்தில் யூஜினால் வேலை செய்யாது, அங்க கியூலூர்ங்கிற வேற கவர்ச்சிப் பொருள் வைக்கணும்.

முத்தியால்பேட்டை சமையல்கட்டு
தோட்டத்தை விடுங்க, வீட்டுக்கு வருவோம். குப்பைத் தொட்டி மூடியோட உள்பக்கம் வரிசையா ஒட்டிக்கிட்டிருந்த பழுப்புக் கூடுகள், ஒவ்வொண்ணோட முன்நுனியிலும் இரண்டு கொம்பு! முதிர்ந்த புழு ஈரத்தை விட்டுக் காய்ஞ்ச இடத்துக்கு ஏறித்தான் கூட்டுப்புழுவாகும். அதனால குப்பையை மட்டும் கொட்டினாப் போதாது, மூடியையும் விளிம்பையும் தேய்ச்சுக் கழுவணும். 25 டிகிரியில முட்டையிலிருந்து ஈ ஆக சுமார் 10 நாள். ஒரு வாரத்துல பொறியை எடுத்துட்டா மறுபடி கிளம்பும். பொறியில வெறும் வெள்ளை வினிகர் வச்சா ஈ அவ்வளவா வராது, மசிச்ச பூவன் பழம் ஒரு கரண்டி போடுங்க. பாத்திரம் கழுவுற திரவம் இரண்டு சொட்டு விட்டா நீர்ப்பரப்பு இழுவிசை குறையும், ஈ மேலே நிக்க முடியாம மூழ்கும். கூன் முதுகோட விட்டுவிட்டு ஓடுறது ஃபோரிட்ங்கிற வேற ஈ, இறக்கையில மயிர் அடர்ந்திருந்தா சாக்கடை ஈ. இரண்டுக்கும் பழப் பொறி உதவாது, வடிகுழாயைத்தான் தேய்க்கணும்.

லாஸ்பேட்டை லென்ஸ்
25 டிகிரின்னு சொன்னது முக்கியம். 30-ல வளர்ந்த மெலனோகாஸ்டர் ஆண் மலடாயிடும். கத்திரி வெயில்ல ஈ வளர்க்கிற குப்பியில ஈ நிறைய இருந்தும் புழுவே இல்லைன்னா, உணவைக் குறை சொல்றதுக்கு முன்னாடி தெர்மாமீட்டரைப் பாருங்க.